குழந்தைக் கொடுமையும் குழந்தையின் வளர்ச்சியும்: ஓசூர் எல்லை வட்டாரத்தை முன்வைத்து

பெற்றோர் கையாலும் வளர்ப்போர் கையாலும் குழந்தைகள் அடிபட்டு வந்தது மனித வரலாறு அளவுக்குப் பழையது என்றாலும், அதை ஒரு மருத்துவச் சிக்கலாகப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டு இன்னும் எழுபது ஆண்டுகள் நிறையவில்லை. 1860இல் பாரிசைச் சேர்ந்த சட்ட மருத்துவர் ஆம்புருவாஸ் தார்தியூ, வீட்டிலேயே வதைபட்டு இறந்த குழந்தைகளின் உடற்கூறு ஆய்வுகளை விரிவாக எழுதி வெளியிட்டார். அவர் காலத்து மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1946இல் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் ஜான் காஃபி, மண்டையோட்டுக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்த ஆறு கைக்குழந்தைகளின் கைகால் எலும்புகளிலும் முறிவுகள் இருப்பதை ஊடுகதிர்ப் படங்களில் கண்டு பதிவு செய்தார். ஆனால் முறித்தது யார் என்ற கேள்வியை வெளிப்படையாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை 1962இல் டென்வர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பும் அவருடைய சகாக்களும் கேட்டார்கள். அவர்கள் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகே, காயத்துக்குப் பெற்றோர் சொல்லும் காரணமும் உடலில் தெரியும் காயமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது மருத்துவரின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

எலும்பு முறிவிலிருந்து தொடங்கிய இந்தப் புரிதல் அடுத்த முப்பது ஆண்டுகளில் விரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் கூட்டிய நிபுணர் குழு வகுத்த வரையறையின்படி, பொறுப்பிலோ நம்பிக்கைக்குரிய நிலையிலோ அதிகாரத்திலோ உள்ள ஒருவரால் குழந்தையின் உடல்நலத்துக்கும் உயிருக்கும் வளர்ச்சிக்கும் மாண்புக்கும் கேடு விளைகிற, அல்லது விளையக்கூடிய, நடத்தைகள் அனைத்தும் குழந்தைக் கொடுமையில் அடங்கும். உடல் வதை, மன வதை, பாலியல் வன்முறை, புறக்கணிப்பு, உழைப்புச் சுரண்டல் ஆகியவை அதன் வடிவங்கள். இவற்றுள் புறக்கணிப்பு மட்டும் தன்மையில் வேறானது. மற்றவை ஒருவர் செய்யும் செயல்கள். புறக்கணிப்போ செய்ய வேண்டியது செய்யப்படாமல் போவது. உணவு, மருத்துவம், கல்வி, மேற்பார்வை, பேச்சு, அரவணைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தொடர்ந்து கிடைக்காமற்போனால் அது புறக்கணிப்பாகும். ஒரே ஒரு நாளைச் சுட்டிக்காட்டி ‘இன்று நடந்தது’ என்று சொல்ல முடியாததால் காவல் நிலையப் பதிவேட்டிலும் நாளிதழிலும் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஓசூர் வட்டாரத்தைப் பொறுத்தவரை இந்தப் புறக்கணிப்பே மற்றக் கொடுமைகளுக்கும் வாசல் திறந்துவிடுகிறது என்பதும், அதன் வேர் பெற்றோரின் குணத்தைவிட அவர்களுடைய வேலை நேரத்தில்தான் ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதும் இச்சொற்பொழிவின் கருத்து.

பெங்களூருவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டிய சிற்றூராக இருந்த ஓசூர், 1970களில் தமிழ்நாடு அரசின் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் வேறோர் ஊராயிற்று. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் ஆகிய பெரிய ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் எழுந்தன. அண்மை ஆண்டுகளில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும், கிருஷ்ணகிரியை அடுத்த போச்சம்பள்ளிப் பகுதியில் ஓலா மின்வண்டித் தொழிற்சாலையும் வந்தன. தர்மபுரியிலிருந்து பிரிந்து 2004இல் உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 18.8 லட்சம் மக்கள் இருந்தனர். 2019இல் ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது. இந்த வளர்ச்சிக்குக் கைகொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் வெளியிலிருந்து வந்தவர்கள். தர்மபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த தமிழர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலத்தவரும் சேர்ந்து, வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை லைன் வீடுகளில் வாழ்கிறார்கள். ஆலைகளுக்கு வெளியே ரோஜா பயிராகும் பசுமைக்குடில்களும் கல்குவாரிகளும் கிரானைட் பட்டறைகளும் செங்கல் சூளைகளும் கட்டுமானத் தளங்களும் உள்ளன. தெற்கிலும் மேற்கிலும் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக்கிராமங்கள் கிடக்கின்றன; தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து பேசப்படும் ஊர்கள் அவை.

இத்தகைய ஊரில் ஒரு குழந்தையின் நாள் எப்படிக் கழிகிறது என்பதைக் கடிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் காலை ஆறு என்று மூன்று ஷிப்டுகளாக ஆலை ஓடுகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒருவர் ஷிப்டு முடிந்து வருவதற்குள் மற்றவர் கிளம்பியாக வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் உறங்கும்போது, வெளிச்சமும் காற்றும் குறைந்த அதே அறையில் மூன்று வயதுக் குழந்தை விழித்திருக்கிறது. அங்கன்வாடி பகலில் மட்டுமே இயங்கி மாலைக்குள் மூடிவிடும். மூன்று வயது நிரம்பாத குழந்தையை நாள் முழுதும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான மையங்களில் இல்லை. கிராமத்தில் என்றால் பாட்டியோ அத்தையோ அக்கம்பக்கத்தாரோ பார்த்துக்கொள்வார்கள். இங்கே அடுத்த வீட்டுக்காரரின் மொழியே புரியாது. எனவே ஏழு எட்டு வயது அக்காள், கைக்குழந்தையான தம்பிக்குத் தாயாகிறாள், அல்லது வெளிப்பக்கம் பூட்டிய கதவுக்குள் இருவரும் மாலை வரை காத்திருக்கிறார்கள். சங்க அகப்பாடல்களில் பெற்ற தாய்க்கு நற்றாய் என்றும் வளர்த்த தாய்க்குச் செவிலி என்றும் தனித்தனிப் பாத்திரங்கள் இருப்பது இங்கே நினைவுக்கு வரத்தக்கது; ஒரு குழந்தையை ஒருத்தி தனியே வளர்த்துவிட முடியும் என்று தமிழ்ச் சமூகம் எந்தக் காலத்திலும் எண்ணியதில்லை. ஓசூரின் லைன் வீடுகளில் செவிலியும் இல்லை, நற்றாய்க்கு நேரமும் இல்லை.

கொடுமை நிகழ்வதற்கான வாய்ப்பைக் கூட்டும் சூழல்களை ஆய்வாளர்கள் இடர்க் காரணிகள் என்று அழைக்கின்றனர். அமெரிக்க உளவியலாளர் ஜே பெல்ஸ்கி 1980இல் இக்காரணிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அடுக்குகளாகக் காட்டினார். பெற்றோரின் சொந்த இளமை அனுபவம் உள்ளடுக்கில் இருக்கிறது. அதைச் சூழ்ந்து கணவன்-மனைவி உறவும் குழந்தையின் இயல்பும், அதற்கு வெளியே வேலை, அக்கம்பக்கம், உறவு வட்டம், அனைத்தையும் சூழ்ந்து சமூகத்தின் நம்பிக்கைகள் என்று அது விரியும். எந்த ஒரு காரணியும் தனித்து நின்று கொடுமையை உண்டாக்குவதில்லை. பல காரணிகள் ஒரே வீட்டில் குவியும்போதே ஆபத்து பெருகுகிறது. தந்தையின் குடி, தாயின் பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, பதினெட்டு வயதுக்குள் தாய்மை, வேலை போய்விடும் என்ற அச்சம், உதவிக்கு ஆளில்லாமை ஆகியவை ஒன்று மற்றொன்றைக் கனக்கச் செய்கின்றன. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறினர். தாய் அடிபடும் வீட்டில் குழந்தையும் அடிபடும் வாய்ப்பு மிகுதி என்பதும், அடிபடாவிட்டாலும் பார்த்துக்கொண்டிருப்பதே குழந்தைக்கு வதை என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் உறுதிப்பட்டவை.

குழந்தையின் பக்கத்திலும் சில இடர்கள் உண்டு. குறைமாதப் பிறப்பு, உடற்குறை, ஓயாத அழுகை ஆகியவை வளர்ப்பவரின் பொறுமையைச் சோதிக்கின்றன. இவற்றைச் சொல்வது குழந்தைமேல் பழிபோடுவதாகாது. எந்த வீட்டுக்கு முதலில் உதவி போய்ச்சேர வேண்டும் என்பதைக் கண்டறிய இது தேவைப்படுகிறது. கைக்குழந்தையின் அழுகை பிறந்து ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய்ப் பிறகு படிப்படியாகக் குறையும். குழந்தையைத் தோளைப் பிடித்துக் குலுக்கியதால் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டு மருத்துவமனைக்கு வரும் நிகழ்வுகளும் அதை அடுத்த சில வாரங்களிலேயே குவிகின்றன. குலுக்குவதால் குழந்தையின் உயிரே போகலாம் என்று தெரியாத தந்தைகள் பலர். இரண்டு இரவு உறங்காதபின் தெரிந்ததையும் மறப்பவர்கள் இன்னும் பலர். அழுகையின் இந்தப் போக்கையும், தாள முடியாதபோது குழந்தையைப் பாதுகாப்பாகப் படுக்கவைத்துவிட்டுச் சற்று விலகி நிற்கலாம் என்பதையும் பேறுகால வார்டிலேயே பெற்றோர் இருவருக்கும் சொல்லித் தருவதற்குச் செலவு ஏதும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வறுமையும் புறக்கணிப்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அழுக்குச் சட்டையும் சளி ஒழுகும் மூக்கும் வறுமையின் அடையாளங்கள். அவற்றைக் கண்டு தாயைக் குற்றவாளியாக்குவது வசதி படைத்தோரின் கண்ணுக்கு எளிதாக வருகிற தவறு. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாக வைத்திருப்பதும் இதனால்தான். பொருள் இருந்தும் குழந்தைக்குச் செலவிடாத பெற்றோரையும், குழந்தைக்காகவே இரட்டை ஷிப்டு பார்த்து அதனாலேயே குழந்தையின் அருகில் இல்லாமற்போகும் பெற்றோரையும் ஒரே தட்டில் நிறுத்த முடியாது. ஆனால் குழந்தையின் மூளைக்கு இந்த வேறுபாடு தெரியாது என்பது இதில் உள்ள மிகக் கடினமான உண்மை.

மூளையின் வளர்ச்சி, மரபணு வகுத்த திட்டம் மட்டும் நிறைவேறுவதால் நடந்துவிடுவதில்லை. குழந்தை ஒலி எழுப்பும்போது யாராவது பதில் ஒலி தரவேண்டும். அது விரல் நீட்டியதை யாராவது பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை நிகழும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெறுகின்றன, பயன்படாதவை உதிர்கின்றன. இதைத் தெளிவாக நிறுவியது ருமேனியாவின் தலைநகரான புக்கரெஸ்டில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வு. சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய மூவரும், அனாதை இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளுள் குலுக்கல் முறையில் பாதிப்பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து இரு பிரிவினரையும் தொடர்ந்து கவனித்தனர். இல்லத்தில் உணவும் படுக்கையும் கிடைத்தன. ஆனால் குழந்தை அழுதால் வந்து தூக்குவதற்கு அதற்கென்று ஒருவர் இல்லை. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறனும் மொழியும் உறவுப் பிணைப்பும் தேறின. ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் போன குழந்தைகளிடம் அந்தத் தேற்றம் கூடுதலாக இருந்தது. வயிறு நிறைந்திருந்தும் வளர்ச்சி நின்றுபோகும் என்பதற்கு இதைவிட வலிய சான்று கிடைப்பது அரிது.

வதையின் வழி வேறு. அச்சம் வரும்போது மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்படும் கட்டளை சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியை எட்டிக் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைச் சுரக்கவைக்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது, உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. பெரியவர் ஒருவர் அணைத்துக்கொண்டால் சற்று நேரத்தில் எல்லாம் தணிந்துவிடும். அச்சத்தைத் தருபவரே அணைக்க வேண்டியவராகவும் இருக்கும் வீட்டில் இந்த ஏற்பாடு தணியாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. குழந்தை அவரிடம் ஓடவும் முடியாமல் அவரை விட்டு ஓடவும் முடியாமல் நடுவில் நின்றுவிடுகிறது. உளவியலாளர் இதைச் சீர்குலைந்த பிணைப்பு என்கின்றனர். நெடுங்காலம் நீடிக்கும் இத்தகைய அழுத்தம், நினைவைக் கையாளும் பகுதியையும் ஆபத்தை உணரும் பகுதியையும் உணர்ச்சிக்குக் கடிவாளமிடும் முன்மூளைப் பகுதியையும் பாதிக்கிறது. சேத் போலாக் என்ற ஆய்வாளர் உடல் வதைக்கு ஆளான குழந்தைகளிடம் மங்கலிலிருந்து படிப்படியாகத் தெளிவாகும் முகப்படங்களைக் காட்டியபோது, மற்றக் குழந்தைகளுக்கு முன்பாகவே, மிகக் குறைந்த தடயத்தைக் கொண்டே அவர்கள் கோபமுகத்தை அடையாளம் கண்டுவிட்டார்கள். அடி எப்போது விழும் என்று முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்ள வேண்டிய வீட்டில் அது உயிர்காக்கும் திறமை. வகுப்பறையிலோ, ஆசிரியர் சற்றே புருவம் நெரித்தாலும் அந்தக் குழந்தையின் கவனம் முழுதும் பாடத்தை விட்டு அந்தப் புருவத்துக்குப் போய்விடுகிறது.

இந்த இடத்தில்தான் கொடுமை இரண்டாம் முறை நிகழ்கிறது. வீட்டில் வதைபட்ட குழந்தை வகுப்பில் எளிதில் திடுக்கிடும், தொட்டதற்கெல்லாம் சண்டைக்குப் போகும், அல்லது எதையும் கேளாததுபோல உறைந்து உட்காரும். புறக்கணிக்கப்பட்ட குழந்தை பேச்சில் பிந்தியிருக்கும், சொன்னதை நினைவில் வைக்காது. முன்னதற்கு அடங்காப்பிடாரி என்றும் பின்னதற்கு மந்தம் என்றும் பெயர் கிடைக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்று பிரம்பு நீளுகிறது. ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியைப் பெற்றோரும் ஆசிரியரும் ஒருமனதாக ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அடி இங்கே வளர்ப்பின் அங்கமாகிவிட்டது. தமிழ்நாடு கல்வி விதிகளில் தண்டனைக்கு இடமளித்த 51ஆம் விதி 2003இல் நீக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன வதையையும் தடைசெய்தது. நடைமுறை இந்தச் சட்டங்களின் பின்னால் மிகத் தொலைவில் வந்துகொண்டிருக்கிறது. மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, மூவரில் இருவர் உடல் வதைக்கு ஆளானதாகவும், 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகவும் கண்டது. அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை; ஆனால் துளிர் அமைப்பு சென்னைப் பள்ளிக் குழந்தைகள் 2,211 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில் 42 விழுக்காட்டினர் பாலியல் கொடுமையின் ஏதோ ஒரு வடிவத்துக்கு ஆளாகியிருந்தனர்.

இக்கொடுமைகளின் விளைவுகள் முதுமை வரை தொடர்கின்றன. அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு, இளமையில் நேர்ந்த துன்ப அனுபவங்களை வகைப்படுத்தி எண்ணியது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைச் சந்தித்தவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு, எதையும் சந்திக்காதவர்களைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு மிகுந்திருந்தது. இதய நோயும் கூடியிருந்தது. இந்த எண்ணை ஒரு தனிமனிதரின் தலையெழுத்தாகப் படிப்பது பெரும்பிழை. மக்கள்தொகை அளவில் பொருந்தும் கணக்கைத் தனி ஆள்மேல் ஏற்றக்கூடாது என்று ஆண்டாவே 2020இல் எச்சரித்தார். அடிபட்ட குழந்தை வளர்ந்ததும் அடிக்கும் என்ற பரவலான நம்பிக்கையையும் இதே கவனத்தோடுதான் அணுக வேண்டும். கேத்தி ஸ்பாட்ஸ் விடம், கொடுமைக்கு ஆளான 908 பேரையும் ஆளாகாத 667 பேரையும் ஒப்பிட்டு 1989இல் வெளியிட்ட ஆய்வில், வன்குற்றத்துக்காகக் கைதானவர்கள் உடல் வதைக்கு ஆளானோரில் சுமார் 16 விழுக்காடு, புறக்கணிப்புக்கு மட்டும் ஆளானோரில் சுமார் 12, மற்றவர்களில் சுமார் 8. ஆகவே பெரும்பான்மையினர் வன்முறையாளர் ஆகவில்லை. அதே வேளையில், ஒருவரும் கைநீட்டாத, வெறுமனே கவனிப்பாரற்று விடப்பட்ட குழந்தைகளிடமும் அந்த வாய்ப்பு கூடியிருந்தது என்பது, புறக்கணிப்பை இலேசான கொடுமை என்று ஒதுக்கும் வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது.

புறக்கணிப்பால் நேரும் கண்காணிப்பற்ற நேரம் பாலியல் குற்றவாளிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. காவல்துறையில் பதிவாகும் வழக்குகளில் மிகப்பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர், வேன் ஓட்டுநர் போன்றோர். தனித்திருக்கும் குழந்தைக்குத் தின்பண்டமும் கைப்பேசியும் கனிவும் காட்டி நம்பிக்கையைச் சிறிது சிறிதாகப் பெறுவது இக்குற்றத்தின் வழக்கமான முதற்படி. இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூர் வட்டாரத்தில் 2024 ஆகஸ்டில் ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படையின் பெயரால் போலியாக நடத்தப்பட்ட முகாமில் மாணவியர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டது மாநிலத்தையே உலுக்கியது. சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றையும், சமூகநலத் துறைச் செயலாளர் தலைமையில் பல்துறைக் குழு ஒன்றையும் அரசு அமைத்தது. செய்தியை மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதாயினர். போக்சோ என்று சுருக்கமாக அறியப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 21ஆம் பிரிவு, தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம் குழந்தையின் வேதனையைவிடக் கனமாக எடைபோடப்படும் வரை இந்தப் பிரிவுகள் தாளில்தான் இருக்கும். அதே வட்டாரத்தில் 2025 பிப்ரவரியில் அரசுப் பள்ளி ஆசிரியர் மூவர் கைதான வழக்கில், பல நாள் வராத மாணவியைப் பற்றித் தலைமையாசிரியர் தேடிப்போய் விசாரித்ததால்தான் உண்மை வெளிவந்தது. வருகைப் பதிவேட்டின் வெற்றுக் கட்டங்களை ஒருவர் கவனித்தார்; அந்தக் கவனிப்புக்கு எந்தச் சட்டத்துக்கும் குறையாத ஆற்றல் இருந்தது.

மலைக்கிராமங்களில் கொடுமையின் முகம் குழந்தைத் திருமணம். பழைய தர்மபுரி மாவட்டம் பெண்சிசுக் கொலைக்காகப் பேசப்பட்ட நிலம். பெற்றோர் கைவிடும் பெண்சிசுக்களை அரசே ஏற்பதற்காக 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தர்மபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. பிழைத்து வளர்ந்த பெண்ணையும் பாரமாகவே எண்ணும் மனம் இன்று இளவயது மணமாக வெளிப்படுகிறது. ஏழாம் அல்லது எட்டாம் வகுப்புக்குமேல் படிக்க மலையிறங்கிப் போக வேண்டும், பேருந்து குறைவு, தாயும் தந்தையும் கூலிக்கு வெளியூர் போயிருப்பார்கள்; வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே விட அஞ்சி உறவில் ஒருவருக்குக் கட்டிவைத்துவிடுகிறார்கள். பாதுகாப்புக்காகச் செய்வதாகப் பெற்றோர் நம்பும் செயலே சட்டத்தின் கண்ணில் பாலியல் குற்றத்துக்கு வழிவகுப்பதாகிறது. 2025 மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பகுதியைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி, கர்நாடகத்தில் நடத்தப்பட்ட திருமணத்தை ஏற்க மறுத்து ஊர் திரும்பியபின் வலுக்கட்டாயமாகத் தூக்கிச் செல்லப்பட்ட காணொளி பரவியதால்தான் கைதுகள் நடந்தன. காணொளி எடுக்கப்படாத சிறுமியர் எத்தனை பேரோ.

எல்லை இங்கே ஒரு சட்டச் சிக்கலையும் சேர்க்கிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் அத்தகைய திருமணம் செல்லாததாக்கத்தக்கது, அதாவது குழந்தையாக இருந்தவரோ அவர் சார்பில் வேறொருவரோ நீதிமன்றத்தை நாடினால்தான் அது நீங்கும். கர்நாடகமோ 2016இல் கொண்டுவந்த திருத்தத்தால் தன் எல்லைக்குள் நடக்கும் குழந்தைத் திருமணத்தைத் தொடக்கத்திலிருந்தே செல்லாததாக்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2017இல் மற்ற மாநிலங்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. தமிழக எல்லையூரான ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கமும் கர்நாடக எல்லையூரான அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே சிறுமியின் நிலை சட்டத்தில் வேறுபடுவது நியாயமன்று; தமிழ்நாடும் அத்திருத்தத்தை மேற்கொள்வதே முறை.

ஒரு மாநிலத்தில் மீட்கப்பட்டு மற்றொரு மாநிலத்துக்குரியவளாக இருக்கும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின்முன் நிறுத்த வேண்டும் என்றும், பிறகு அவளுடைய சொந்த இடத்துக்கு மாற்றலாம் என்றும் இளைஞர் நீதிச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. நலக்குழு என்பது நீதிபதிக்குரிய அதிகாரங்கள் சில கொண்ட, மாவட்டந்தோறும் உள்ள ஐவர் அமர்வு. ஒடியாவோ வங்காளமோ மட்டும் பேசும் குழந்தை அதன்முன் வரும்போது மொழிபெயர்ப்பவர் இல்லையென்றால் அக்குழந்தை சொல்ல வந்தது சொல்லப்படாமலே போகும். போக்சோ சட்டம் மொழிபெயர்ப்பாளரை அனுமதித்துள்ளது. ஓசூரில் எந்தெந்த மொழிக்கு யார் என்ற பட்டியல் காவல் நிலையத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஏற்பவரிடமும் ஆயத்தமாக இருந்தால்தான் அந்த அனுமதிக்குப் பொருள் உண்டு.

கெடுதலின் வலிமையை மட்டும் பேசி நிறுத்துவது அறிவியலுக்கே மாறானது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், பிணக்கு என்று இடர்கள் குவிந்த வீடுகளில் பிறந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்கு தேறி வளர்ந்தனர். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றுள் முதன்மையானது, பெற்றோர் அல்லாவிட்டாலும் நிலையாக அக்கறை காட்டிய ஒரு பெரியவர்: பாட்டி, அண்டை வீட்டார், ஆசிரியர் போன்ற எவரோ ஒருவர். அந்த ஒருவர் தற்செயலாகக் கிடைப்பதை நம்பி ஒரு தொழில் நகரம் தன் குழந்தைகளை விட்டுவிட முடியாது. அவரை ஊதியம் கொடுத்து, பயிற்சி கொடுத்து, ஷிப்டு நேரத்துக்கு ஏற்ப அமர்த்துவது இயலக்கூடியதே.

அதற்கான சட்டம் முன்பே இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம் ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்கள் அனைத்துக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே வரையறையைக் கொண்டுள்ளது. ஓசூரின் சிக்கல், இந்த எண்ணுக்குக் கீழே நிற்கும் பட்டறைகளும், ஒப்பந்தக்காரர் பெயரில் ஆட்களைப் பிரித்துக் காட்டும் வழக்கமும், சட்டத்தின் வாசலுக்கே வராத குவாரிகளும் பசுமைக்குடில்களும்தான். ஆனால் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், நிறுவனங்கள் தனித்தனியே அல்லாமல் பொதுவாகவும் காப்பகம் நடத்தலாம் என்று இடங்கொடுத்திருக்கிறது. சிப்காட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆலைகள் தம் ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிட்டுச் செலவு செய்யும் பொதுக் காப்பகம் ஒன்று, காலை ஐந்தரை முதல் இரவு பத்தரை வரையிலும், தேவைப்படும் இடத்தில் இரவு ஷிப்டுக்கும் திறந்திருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் குழந்தையும் பட்டறைக்காரரின் குழந்தையும் ஆலை ஊழியரின் குழந்தையோடு அங்கே ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு காப்பகத்திலும் இந்தியோ ஒடியாவோ வங்காளமோ பேசத் தெரிந்த ஓர் ஆயாவாவது பணியில் இருக்க வேண்டும். பேச்சு பிந்திய குழந்தையையும், உடலில் தடம் தெரியும் குழந்தையையும், நான்கு நாள் வராத குழந்தையையும் அவர் குறித்துவைத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்வதற்கான நேரடி வழியும் அவருக்குத் தரப்பட வேண்டும். புதிய ஆலைகளுக்கு நிலமும் நீரும் மின்சாரமும் உறுதிசெய்யும் ஒப்பந்தங்களிலேயே இந்தக் காப்பகத்தையும் ஒரு நிபந்தனையாக எழுதும் அதிகாரம் அரசின் கையில் இருக்கிறது.